எந்தக் கணக்கு நம் கணக்கு?

இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் காலியாகிக்கொண்டிருந்த நேரம். ஓர் இளைஞர் தயங்கியபடி நம் அருகே வந்து அமர்ந்தார். கல்லூரியில் படிப்பவர், ஜமாஅத்தை விடாத குடும்பத்துப் பிள்ளை. "ஹஜ்ரத், தொழுகையில் மனம் நிற்கவில்லை" என்று தொடங்கினார். படிப்பில் பின்னடைவா, வீட்டில் கடனா, யாருடைய நோயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டோம். எல்லாவற்றிற்கும் தலையை அசைத்து இல்லை என்றார். கடைசியில் செல்போனைத் திறந்து ஓர் எண்ணைக் காட்டினார். 48.

அது அவர் ஆன்லைனில் ஆடும் போட்டி விளையாட்டின் கணக்கு. நூறு ஆட்டங்களுக்கு 48 வெற்றி. "எப்படியாவது ஐம்பதைத் தாண்ட வேண்டும் என்று ஆறு மாதமாகப் பார்க்கிறேன். ஓர் ஆட்டம் தோற்றால் நெஞ்சு படபடக்கிறது. அடுத்ததில் சரிக்கட்டலாம் என்று உட்கார்ந்தால் இரவு இரண்டு மணி ஆகிவிடுகிறது. படுத்தாலும் தோற்ற ஆட்டமே கண்ணுக்குள் ஓடுகிறது. ஸுப்ஹு தவறுகிறது. ஸுஜூதில் கிடக்கும்போதுகூட அந்த எண் நினைவுக்கு வருகிறது" என்றார். சொல்லும்போதே அவர் குரல் தழுதழுத்தது.

வாசகர்களில் சிலர் இதைப் படித்துச் சிரிக்கலாம். நாம் சிரிக்கவில்லை. கவலை எதனால் வந்தாலும் கவலைதான். அது ஒரு முஃமினின் ஸுஜூதுக்குள்ளேயே புகுந்துவிட்டதென்றால் அதற்கு மருந்து தேடுவது கடமையல்லவா? இம்மாதப் பாடத்தை அவருக்காகவும், அவரைப் போன்ற பல பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுவோம். பணம் வைத்து ஆடும் ஆட்டம் இங்கே நம் பேச்சில் இல்லை. அது மைஸிர் என்னும் சூது; திருக்குர்ஆன் அதை மதுவுடன் சேர்த்துத் தடுத்துவிட்டது. இந்திய நாட்டுச் சட்டமும் 2025-ல் பணம் வைத்தாடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்துள்ளது. பந்தயமின்றி, ஆபாசமின்றி, ஓய்வு நேரத்தில் ஆடுகிறவரின் மனத்தை அரிக்கும் வெற்றி தோல்விக் கணக்கைப் பற்றியே இங்கு பேசுகிறோம்.

இந்த எண் எப்படிப் பிறக்கிறது?

பயப்படும் பொருளை நெருங்கிப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும். ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பௌதிகப் பேராசிரியராக இருந்த அர்பத் எலோ என்பவர், சதுரங்க ஆட்டக்காரர்களின் பலத்தை எண்ணால் குறிக்க ஒரு முறையை வகுத்தார். அமெரிக்கச் சதுரங்கக் கூட்டமைப்பு 1960-லும், உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு 1970-லும் அதை ஏற்றன. இன்று பல ஆன்லைன் விளையாட்டுகள் ஆட்டக்காரர்களைத் தரம் பிரிக்கும் முறைகள் அந்தக் கருத்திலிருந்து கிளைத்தவையே.

அதன் அடிப்படை எளிது. வென்றால் புள்ளி ஏறும், தோற்றால் இறங்கும். ஏறியவருக்கு அடுத்து இன்னும் பலமான எதிராளி வருவார். இறங்கியவருக்குச் சற்று எளிய எதிராளி வருவார். ஆக, ஒவ்வொருவரையும் அவருக்குச் சமமானவரோடு மோதவிடுவதே இம்முறையின் நோக்கம். சமமான இருவர் மோதினால் யார் வெல்வார்? பாதி இவர், பாதி அவர். எனவே நீண்ட காலம் ஆடும் பெரும்பாலோரின் கணக்கு ஐம்பதை ஒட்டியே நிற்கும். 48 என்பது அந்த இளைஞரின் குறைக்குச் சாட்சியல்ல. தராசு ஒழுங்காக நிறுக்கிறது என்பதற்கே சாட்சி!

இன்னொன்றும் உண்டு. எலோவின் கணக்குப்படி 200 புள்ளி கூடுதலாக உள்ளவருக்கும் நூற்றுக்குச் சுமார் 76 பங்குதான் எதிர்பார்ப்பு. அதாவது பலமானவரும் நான்கில் ஏறக்குறைய ஒரு பங்கை இழப்பார். தொடர்தோல்வியைப் பார்ப்போம். ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால், எங்காவது ஓரிடத்தில் தொடர்ந்து ஐந்து முறை பூ விழுவதற்கு நூற்றுக்கு 81 பங்கு வாய்ப்பு இருக்கிறது. நாணயத்துக்குத் திறமை குறைந்துவிட்டதா? யாராவது கண்ணேறு வைத்துவிட்டார்களா? ஒன்றுமில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள எதிலும் இப்படி நடப்பது இயல்பு. ஐந்து ஆட்டம் தொடர்ந்து தோற்றவர் தம்மை உதவாதவர் என்று முடிவு கட்டுவது இந்த இயல்பை அறியாததால்தான்.

தோல்வியே காணாத ஒட்டகம்

அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் அள்பா என்றோர் ஒட்டகம் இருந்தது. ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதில்லை. ஒருநாள் கிராமவாசி ஒருவர் ஓர் இளம் ஒட்டகத்தில் வந்தார். அது அள்பாவை முந்திவிட்டது. இது முஸ்லிம்களுக்குப் பெரும் வருத்தமாகிவிட்டது. அவர்கள் முகத்தில் அதைக் கண்ட பெருமானார் (ஸல்) அவர்கள், இவ்வுலகில் உயர்கின்ற எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தை எடுத்துரைத்தார்கள். ஹழ்ரத் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது.

இதில் நமக்கு எத்தனை பாடங்கள்! ஓட்டத்தில் தோற்றதற்காக வருந்துவது மனித இயல்பு. ஸஹாபாக்களுக்கே அது வந்தது. நபி (ஸல்) அவர்கள் அவர்களைக் கடிந்ததாக இல்லை. ஒட்டகம் ஏன் தோற்றது, யார் தவறு என்று விசாரணை வைக்கவும் இல்லை. உயர்ந்தது தாழும் என்ற உலக நியதியைச் சொல்லி மனத்தை இறக்கி வைத்தார்கள். தோல்வியே இல்லாத கணக்கு இவ்வுலகில் எவருக்கும் எழுதப்படவில்லை. அள்பாவுக்கே இல்லையென்றால் நம் கைப்பேசிக்கு எங்கிருந்து வரும்?

மற்றொரு நிகழ்ச்சி. ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். அன்னையார் வென்றார்கள். காலம் கடந்து, அன்னையாருக்கு உடல் பருத்தபின் மீண்டும் ஓடினார்கள்; இம்முறை பெருமானார் வென்றார்கள். முன்னதற்கு இது ஈடு என்று நயமாகச் சொன்னார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. பாருங்கள், அங்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி, கணக்கு ஐம்பதுதான்! ஆனால் அந்தக் கணக்கு பாசத்தை வளர்த்தது, தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

ஐம்பத்தொன்றிலும் அமைதி இல்லை

அந்த இளைஞரிடம், "எப்போதாவது ஐம்பதைத் தாண்டியதுண்டா?" என்று கேட்டோம். "ஒருமுறை 51 வந்தது" என்றார். "அன்று நன்றாக உறங்கினீர்களா?" சற்று யோசித்தார். "இல்லை ஹஜ்ரத். அது இறங்கிவிடுமோ என்ற பயத்தில் இரண்டு நாள் விளையாட்டைத் திறக்கவே இல்லை."

நோய் எங்கே இருக்கிறது என்பதை அவர் வாயாலேயே சொல்லிவிட்டார். 48-ல் துக்கம், 51-ல் அச்சம். அப்படியானால் எண் ஏறுவது இதற்கு மருந்தாகாது. கைநழுவியதற்காகத் துக்கத்தில் ஆழாமலும், கிடைத்ததற்காகப் பூரித்துப் போகாமலும் இருக்கவே விதியைப் பற்றிய அறிவு நமக்குத் தரப்பட்டது என்பதை ஸூரத்துல் ஹதீத் உணர்த்துகிறது. இவ்விரண்டையும் சேர்த்தே அது சொல்வதைக் கவனிக்க வேண்டும். வெற்றியில் தலைகால் தெரியாமல் ஆடுகிறவரே தோல்வியில் நொறுங்குகிறார். முதலாவதைக் குறைத்தால் இரண்டாவது தானே குறையும்.

மற்றோர் ஏடு

நமக்கென்று இன்னொரு கணக்கு எழுதப்பட்டுக்கொண்டே இருக்கிறது. கண்ணியமிக்க எழுத்தாளர்களான கிராமன் காத்திபீன் எழுதும் ஏடு அது. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

விளையாட்டுக் கணக்கில் ஒருவர் ஏற மற்றவர் இறங்க வேண்டும். அமல்களின் ஏட்டில் நம் நன்மை ஏற யாரும் இறங்க வேண்டியதில்லை. விளையாட்டில் வெற்றியும் தோல்வியும் ஒரே எடை. இங்கோ ஒரு நன்மை பத்தாக, எழுநூறாக, அதற்கும் மேலாகப் பெருகுகிறது. ஒரு தீமை ஒன்றாகவே எழுதப்படுகிறது. விளையாட்டில் எண்ணத்துக்கு மதிப்பெண் இல்லை. இங்கு நன்மை செய்ய நாடிச் செய்ய இயலாமற்போனாலும் ஒரு நன்மை. தீமையை நாடி அல்லாஹ்வுக்காக விட்டுவிட்டால் அதற்கும் ஒரு நன்மை. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள நபிமொழியின் கருத்து இது. விளையாட்டில் தோற்ற ஆட்டம் தோற்றதுதான். இங்கு தவ்பா அழித்துவிடுகிறது.

இத்தனை கருணையோடு எழுதப்படும் ஏட்டை மறந்துவிட்டு, யாரோ ஒரு கம்பெனியின் கணிப்பொறியில் இருக்கும் எண்ணுக்காக ஸுப்ஹை இழக்கலாமா? நாளை நம் கையில் தரப்பட்டு, நீயே படித்துப் பார் என்று சொல்லப்படப்போவது எந்த ஏடு?

நடைமுறைக்குச் சில

1. நிறுத்தும் உரிமையைக் கடிகாரத்திடம் கொடுங்கள், வெற்றியிடம் கொடுக்காதீர்கள். "ஒரு வெற்றியோடு முடிக்கலாம்" என்பதே இரவு இரண்டு மணிக்கு இழுத்துச் செல்லும் கயிறு. சமமானவரோடு ஆடும்போது அடுத்த ஆட்டமும் தோற்கப் பாதி வாய்ப்பு இருக்கிறதே!

2. பாங்குக்கு முன் முடியாத ஆட்டத்தைத் தொடங்காதீர்கள். குழுவாக ஆடும்போது நடுவில் விட்டுவிட்டால் கூட்டாளிகளுக்கு இழப்பு என்பது உண்மையே. ஆகவே எழுந்து போகும் நேரத்தில் தவிப்பதைவிட, உட்காரும் நேரத்தில் யோசிப்பது நலம்.

3. தோற்றபின் "அப்படிச் செய்திருந்தால்" என்று சொல்லிக் கொண்டிருக்காதீர்கள். அச்சொல் ஷைத்தானின் வேலைக்கு வழி திறக்கும் என்று முஸ்லிமில் வரும் நபிமொழி எச்சரிக்கிறது. பயனுள்ளதை நாடு, அல்லாஹ்விடம் உதவி தேடு, தளர்ந்துவிடாதே என்று அதே நபிமொழி வழிகாட்டுகிறது. கற்றுக்கொள்ள ஒரு பிழை இருந்தால் ஒரு வரியில் குறித்துக்கொண்டு ஏட்டை மூடிவிடுங்கள். அது படிப்பு. அதற்குமேல் நினைப்பது புலம்பல்.

4. தொடர்ந்து இரண்டு தோல்வி வந்தால், அல்லது எதிராளியைத் திட்ட நா எழுந்தால், அன்றைக்கு அதோடு சரி. எழுந்து உளூச் செய்யுங்கள். மல்யுத்தத்தில் பிறரை வீழ்த்துபவர் வீரரல்லர், கோபத்தில் தம்மை அடக்குபவரே வீரர் என்பது நபிமொழியின் கருத்து. அந்த வெற்றியை எந்த எதிராளியாலும் பறிக்க முடியாது.

5. கணக்குப் பக்கத்தைத் திறந்து பார்க்கும் பழக்கத்தை விடுங்கள். சில விளையாட்டுகளில் எண்ணை மறைத்து வைக்கும் வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். உறங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு வேறு: இன்று ஐந்து வக்து எப்படிப் போயிற்று? யார் மனத்தையாவது புண்படுத்தினோமா? உம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசினோமா?

6. கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் காவல் தேடி நபி (ஸல்) அவர்கள் அடிக்கடி துஆச் செய்துவந்தார்கள். அந்த துஆவை உங்கள் இமாமிடம் கேட்டுப் பாடமாக்கிக் கொள்ளுங்கள்.

இவ்வளவுக்குப் பின்னும் கைமீறிப் போனால், அதாவது கட்டுப்படுத்த முடியாமல், மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முதலாகி, கேடு தெரிந்தும் தொடர்ந்தால், மருத்துவரிடம் செல்லத் தயங்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு நோயாக வகைப்படுத்தியுள்ளது. அப்பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. நோய்க்கு மருந்து தேடுவது மார்க்கம் காட்டிய வழியே.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

வாப்பாமார்களே! செல்போனைப் பிடுங்கிச் சுவரில் எறிவதால் பிள்ளையின் மனத்தில் உள்ள எண் அழிந்துவிடாது. பரீட்சை மார்க், வகுப்பில் எத்தனையாவது, அடுத்த வீட்டுப் பையன் எவ்வளவு என்று எண்ணால் பிள்ளையை அளக்கக் கற்றுக்கொடுத்தது யார்? நாம்தான். அவன் அந்தத் தராசையே விளையாட்டுக்கும் கொண்டுபோனான். தோற்று வந்த நாளில் ஒருமுறை அருகில் அமர்ந்து, "சாப்பிட்டாயா?" என்று கேட்டுப் பாருங்கள். தோற்றாலும் தனக்கு ஓர் இடம் உண்டு என்பதை அவன் வீட்டில்தான் கற்க வேண்டும்.

அந்த இளைஞர் விடைபெறும்போது, "விளையாட்டையே விட்டுவிடவா ஹஜ்ரத்?" என்று கேட்டார். "நாற்பது நாள் ஸுப்ஹை ஜமாஅத்துடன் தொழுங்கள். பிறகு உங்கள் மனமே பதில் சொல்லும்" என்றோம். மறுநாள் ஸுப்ஹில் கடைசி ஸஃப்பில் அவரைக் கண்டோம். கண்கள் சிவந்திருந்தன, ஆனால் வந்திருந்தார். அந்த ஒரு வருகை எந்த ஏட்டில் எழுதப்பட்டது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் உள்ளங்களுக்கு அமைதியைத் தருவானாக! அவர்களின் ஏட்டை வலக்கரத்தில் வாங்கும் பேற்றை அருள்வானாக! ஆமீன்.