கூடாது என்பதை எல்லோரும் சொல்வார்கள்

அன்புள்ள பிள்ளைக்கு,

உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறு வந்தும் இசட் புள்ளி மருத்துவத்துக்கு எட்டவில்லை, வயம்ப பல்கலைக்கழகத்தில் உணவு விஞ்ஞானமும் போசணையும் கிடைத்திருக்கிறது, போவதா விடுவதா என்று கேட்டு எழுதியிருந்தீர். ஆடியபாதம் வீதியில் மருத்துவ பீடத்தைத் தாண்டித் தாண்டி ரியூசனுக்குப் போய்வந்த பிள்ளைக்கு இது லேசான கேள்வியில்லை. "டொக்டருக்குக் கிடைக்காததுகள் படிக்கிற படிப்பு" என்று கொக்குவிலில் இரண்டு பேராவது உம்முடைய அம்மாவிடம் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குப் பதில் தேடி நேரத்தைக் கழிக்க வேண்டாம். போய்ப் படியும். என்ன வேலைக்காகப் படிக்கிறீர் என்பதை மட்டும் இப்போதே தெரிந்துகொண்டு போம்.

நீரிழிவுக் கிளினிக்கில் இருந்து வீட்டுக்கு வரும் ஒரு மனிசியை எடுத்துக்கொள்வோம். சீனி கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். கிழங்கு கூடாது என்கிறது பக்கத்து வீடு. பழம் கூடாது என்கிறது யூரியூப். தேங்காய் கூடாது என்று கனடாவில் இருந்து தங்கச்சி தொலைபேசியில் சொல்கிறா. கத்தரிக்காய் கூடாது என்று பரியாரியார் ஏற்கெனவே சொல்லிவிட்டார். இத்தனை கூடாதுக்கும் பிறகு, இரவுக்கு என்ன சாப்பிடுவது என்று அந்த மனிசிக்கு ஒருவரும் சொல்லவில்லை. ஆகவே நாலு கிறீம் கிறக்கரும் ஒரு கோப்பைத் தேத்தண்ணியும். அந்த பிஸ்கற்றும் கோதுமை மாவும் கொழுப்பும் உப்பும்தான். ஆனால் அதை யாரும் கூடாது என்று சொல்லாததால் அது மருந்துச் சாப்பாடு ஆகிவிட்டது.

ஒரு வைத்தியசாலையில் எதைச் சாப்பிடலாம் என்று சொல்வதையே தொழிலாகக் கொண்டவர் உணவியலாளர் ஒருவர்தான். தடுக்கிறதற்கு ஆட்கள் தாராளமாக இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வருவதெல்லாம் இதற்குள் அடங்கிவிடும்.

தடை எவ்வளவு தூரம் ஆளைத் தின்னும் என்பதைச் சிறுநீரக நோயாளரிடம் பார்ப்பீர். சிறுநீரகம் பழுதடையத் தொடங்கியவருக்குப் புரதத்தைக் குறைக்கச் சொல்வோம். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றில் 0.6 முதல் 0.8 கிராம் வரை. அவர் டயலிசிஸ் செய்யத் தொடங்கியதும் கணக்கு மாறிவிடுகிறது. இயந்திரம் கழிவோடு சேர்த்து அமினோ அமிலங்களையும் கொண்டு போவதால் இப்போது கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 60 முதல் 72 கிராம். 100 கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது என்றால் அவர் மீனும் முட்டையும் ஒழுங்காகச் சாப்பிட வேண்டிய ஆள். ஆனால் வீட்டில் பழைய கொப்பிதான் சட்டம். மச்சம் நிறுத்தியது நிறுத்தினபடி. சோறும் தண்ணிக் குழம்புமாகச் சாப்பிட்டு ஆள் மெலிந்து, "வருத்தம் கூடிப்போச்சு" என்று வந்து நிற்பார். கூடினது வருத்தமில்லை, பட்டினி. நோயின் கட்டம் மாறும்போது பழைய தடையை எடுத்துவிடுவதும் உம்முடைய வேலை. கீரையைக்கூட முழுதாக மறிக்கத் தேவையில்லை. சிறிதாக அரிந்து, நிறையத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றினால் பொற்றாசியத்தில் ஒரு பகுதி போய்விடும். எவ்வளவு சாப்பிடலாம் என்பதை இரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்லும்.

பல்கலைக்கழகத்தில் எல்லாம் கிராமில் வரும். கொக்குவில் குசினியில் கிராம் இல்லை. சுண்டு இருக்கிறது, நீத்துப்பெட்டி இருக்கிறது, அகப்பை இருக்கிறது. ஆகவே ஒரு சின்ன எலெக்ட்ரோனிக் தராசு வாங்கி, அம்மா பிட்டு அவிக்கும்போது பக்கத்தில் இரும். ஒரு நீத்துப்பெட்டிக்குள் எவ்வளவு அரிசிமா போகிறது, எவ்வளவு தேங்காய்ப்பூ போகிறது என்று நிறுத்து எழுதும். 100 கிராம் அரிசிமாவில் ஏறத்தாழ 360 கிலோகலோரி, 80 கிராம் காபோவைதரேற்று. 100 கிராம் தேங்காய்ப்பூவிலும் கிட்டத்தட்ட அதே 350 கிலோகலோரிதான். ஆனால் காபோவைதரேற்று 15 கிராம் அளவுதான், அதிலும் பாதிக்கு மேல் நார். அதன் கலோரியில் பெரும்பங்கு கொழுப்பில் இருந்துதான் வருகிறது. இந்த இரண்டு வரியும் கையில் இருந்தால் ஒரு விஷயம் பிடிபடும். தேங்காய் கூடாது என்று பயந்து தேங்காய்ப்பூவைக் குறைத்து, அந்த இடத்துக்கு மாவைக் கூட்டிப் பிட்டு அவிக்கும் வீட்டில் இரத்தத்தில் சீனி ஏறத்தான் செய்யும். அதே தேங்காய் இருதய நோயாளிக்கு வேறு கணக்கு, அதன் கொழுப்பில் பெரும்பங்கு நிரம்பிய கொழுப்பு. ஒரே பிட்டு, இரண்டு நோயாளிகள், இரண்டு பதில். நீரிழிவுக்காரிக்கு மாவைக் குறைத்து முருங்கையிலையைச் சேர்த்து அவிக்கும் கீரைப்பிட்டும், பக்கத்தில் ஒரு துண்டு மீனும் என்று சொன்னால் அவ அன்றிரவே அதைச் செய்து பார்ப்பா.

ஊர்ச் சாப்பாட்டைப் பழசு என்று தள்ளுகிற பழக்கமும் படிக்கப் போனவர்களுக்கு வரும். எங்கள் வீடுகளில் புழுங்கல் அரிசிதான் சோறு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள தயமின் என்ற விற்றமின் பி1 மணிக்குள் இறங்கிவிடும். பிறகு குற்றினாலும் ஒரு பங்கு மிஞ்சும். 1890களில் ஜாவாவில் எய்க்மன் என்ற ஒல்லாந்து மருத்துவர், தீட்டிய வெள்ளையரிசியைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுந்ததையும், தவிட்டோடு அரிசி கொடுத்தபோது எழும்பியதையும் கண்டார். அந்த வழியிலான கண்டுபிடிப்புக்கு 1929 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் பற்றிப் படிக்கும்போது அப்பாச்சியின் நெல் அவிக்கும் கிடாரத்தையும் சேர்த்துப் படியும். அதற்காக ஊர் வழக்கம் எல்லாவற்றுக்கும் தலையாட்டவும் வேண்டாம். பிள்ளை பெற்றவளுக்குச் சரக்குக் கறியும் சுறாவும் கொடுப்பது நல்ல விஷயம், புரதம் போகிறது. அவளுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வீடு இருந்தால் அங்கே பொறுமையாக, ஆனால் உறுதியாகக் கதையும். கைதடியில் சித்த மருத்துவம் படிக்கும் மாணவர்களோடும் பழகும். பத்தியம் பற்றி அவர்களுக்குத் தெரிந்தது எங்கள் பாடநூலில் இல்லை. நோயாளி இரண்டு இடத்துக்கும் போகிறார், ஆகவே நீங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும்.

பஞ்சாங்கத்தையும் பக்கத்தில் வைத்திரும். கந்தசஷ்டி ஆறு நாள், கேதாரகௌரி விரதம் இருபத்தொரு நாள், நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாள். விரதம் பிடிக்கிற ஆள் இன்சுலின் போடுகிறவராகவோ கிளிக்கிளசைட் குளிசை எடுப்பவராகவோ இருந்தால், சாப்பாடு நின்று மருந்து நிற்காத நாளில் சீனி விழுந்து மயங்கிப் போவார். விரதம் பிடிக்கக் கூடாது என்று சொன்னால் உமக்குத் தெரியாமல் பிடிப்பார். இரண்டு கிழமைக்கு முன்னரே கேட்டு, மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்ற வைத்தியரிடம் அனுப்பி, ஒரு நேரச் சாப்பாட்டை எப்படி அமைப்பது என்று அவரோடு இருந்து எழுதும். மயக்கம் வருவதுபோல் இருந்தால் உடனே சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும், சாமி கோபிக்காது என்பதையும் சொல்லிவிடும்.

இங்கே வேலை செய்கிறவருக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். உமக்கு முன்னால் இருக்கும் அறுபது வயது மனிதர் 1990களின் பொருளாதாரத் தடைக்குள் பிள்ளை வளர்த்தவராக இருக்கலாம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு நடந்தவராக இருக்கலாம். 2009 இல் முள்ளிவாய்க்காலில் அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்றவராக இருக்கலாம். அவரிடம் "கோப்பையில் பாதிச் சோற்றை விட்டிட்டு எழும்புங்கோ" என்று சொல்ல வாய் வரக்கூடாது. சோற்றை எறிய அவரால் முடியாது. குறைப்பதை உலையில் போடும்போதே குறைக்க வேண்டும். ஆளுக்கு ஒரு சுண்டு, ஏறத்தாழ 200 கிராம், போடுகிற வீடு அரைச் சுண்டு போட்டு, அந்த இடத்துக்குப் பயறும் மரக்கறியும் வரட்டும். கோப்பை நிறைந்திருக்கும், ஒன்றும் மிஞ்சாது.

யார் சமைக்கிறார் என்று கேட்காமல் ஒருபோதும் ஆலோசனை சொல்ல வேண்டாம். ஐயாவுக்கு உப்பைக் குறைக்கச் சொன்னால் குறைக்க வேண்டியது அம்மாவின் கை. அம்மாவை அறைக்குள் கூப்பிடும். தனியாக இருக்கும் கிழவியென்றால் சமைக்க ஆளே இல்லை. பிள்ளைகள் லண்டனிலும் ரொறன்ரோவிலும். ஒரு ஆளுக்கு என்று அடுப்பு மூட்ட மனம் வராமல் பாணோடு முடித்துவிடுவா. அங்கே மகளை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டு, விலை கூடிய சத்துமா ரின்னுக்கு அனுப்பும் காசில் ஒரு நேரம் மீனும் முட்டையுமாகச் சமைத்துக் கொடுக்க அயலில் ஆள் பிடிக்கலாம் என்று சொல்லும்.

சத்துமா என்றதும் இன்னொன்று. மா விற்கும் கொம்பனிக்காரர் பேனையும் பையுமாக உம்மைத் தேடி வருவார்கள். தாய்ப்பாலுக்குப் பதிலான மாவகைகளை எப்படி விற்கலாம், எப்படி விற்கக் கூடாது என்று உலக சுகாதார அமைப்பு 1981 இலேயே நெறிமுறை வகுத்து வைத்திருக்கிறது. முதலாம் வருடத்திலேயே அதை வாசியும். குழாயால் உணவு போகும் நோயாளிக்குச் சத்துமா உயிர். பசி எடுக்கும் ஆளுக்கு அது வீண் செலவு. இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தயங்காதவராக இரும்.

படிப்பின் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உணவு விஞ்ஞானப் படிப்பில் தொழிற்சாலைப் பக்கமும் உண்டு, மனிதப் போசணைப் பக்கமும் உண்டு. உணவியலாளராக வேண்டுமென்றால் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, விடுமுறைகளில் வார்ட்டுக்குள் பயிற்சி கேட்டு அலையும். வெளிநாட்டில் பதிவு பெறுவது தனிக் கதை. அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் பதிவுப் பரீட்சை எழுத முதுமாணிப் பட்டம் வேண்டும், மேற்பார்வையுடன் குறைந்தது 1,000 மணி நேரப் பயிற்சியும் வேண்டும். பிரித்தானியாவில் சட்டப்படி பதியாதவர் உணவியலாளர் என்ற பெயரைப் போட்டுக்கொள்ளவே முடியாது. ஆகவே செய்த பயிற்சி ஒவ்வொன்றுக்கும் திகதி, மணி, கையொப்பத்தோடு பதிவு வைத்திரும். வயம்ப பல்கலைக்கழகத்தின் மாகந்துர வளாகத்தில் விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கும். சிநேகிதிகளிடம் சிங்களத்தைப் படியும், ஒரு நாள் குருநாகலில் வேலை கிடைத்தால் அங்கேயும் ஒரு குசினி இருக்கிறது. இங்கே அரச வைத்தியசாலைகளில் இடங்கள் குறைவு, காத்திருக்க வேண்டி வரும். அதையும் அம்மாவிடம் மறைக்காமல் சொல்லிவிடும்.

பெட்டி கட்டுமுன் குறைந்தது பத்துக் கறி தனியாகச் சமைக்கப் பழகும். சமைக்கத் தெரியாத உணவியலாளரின் பேச்சை எங்கள் ஊர்ப் பெண்கள் ஐந்து நிமிடத்தில் எடைபோட்டுவிடுவார்கள். பிறகு உமக்கென்று ஒரு மேசையும் கதிரையும் கிடைக்கும் நாளில், கூடாதவற்றை எழுதுமுன் சாப்பிடக்கூடியவற்றை எழுதும். உம்மிடம் இருந்து எழும்பிப் போகிற ஒவ்வொருவருக்கும் அன்றிரவு வீட்டில் என்ன சமைப்பது என்று தெரிந்திருக்க வேண்டும். வாசலில் வைத்துக் கேட்டுப் பாரும். தெரியாவிட்டால் திரும்பக் கூப்பிட்டு இருத்தும்.

அன்புடன்,
கொக்குவிலில் பிறந்த, உமக்கு மூத்த ஓர் உணவியலாளர்