கொரக்களி இழுக்கும் இரவுகள்

நடுச்சாமத்தில் ஆடுசதை கல்லாக இறுகும்போது, காலை விறைப்பாக நீட்டிச் சதையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளத்தான் தோன்றும். ஆனால் பாதம் கீழ்நோக்கி நீள நீள அந்தச் சதை இன்னும் சுருங்கும், வலியும் கூடும். முழங்காலை மடக்காமல், கால்விரல்களைப் பிடித்துப் பாதத்தை முகத்தைப் பார்க்க இழுங்கள். கை எட்டாதவர்கள் ஒரு துண்டை உள்ளங்காலில் மாட்டி இழுக்கலாம். எழுந்திருக்க முடிந்தால் குதிகாலைத் தரையில் அழுத்தி நின்றாலே பிடி தளரும். கொரக்களி என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கல்வராயன் மலையில் உண்டு உறைவிடப் பள்ளி ஆசிரியராக இருந்தபோது எனக்கு இது தொடங்கியது. வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டி வெள்ளிமலைக்கு பஸ் போகும். அதற்கு அப்பால் உள்ள ஊர்களுக்கு நடந்துபோய், பள்ளிக்கு வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளைக் கூப்பிட்டு வருவோம். அப்படிப் போய்வந்த இரவுகளில்தான் இழுக்கும். கடுக்காய் பொறுக்கப் போகிற ஒரு அக்கா சொன்னார்: “ஏறுறப்ப மூச்சுதான் வாங்கும் சார். எறங்குறப்பதான் காலு போவும். ராத்திரிக்குத் தெரியும் பாருங்க.” இறக்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் தொடையும் ஆடுசதையும் உடம்பின் பாரத்தைத் தடுத்து நிறுத்தியாக வேண்டும். சதை அதிகம் நோவது அந்த வேலையில்தான்.

கீழே வந்தால் கரும்பு. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு ஆலைகளுக்குக் கரும்பு வெட்டுகிறவர்கள் காலை முதல் குனிந்தே நிற்கிறார்கள். பிறகு கட்டைத் தலையில் தூக்கி லாரியில் ஏற்றுகிறார்கள். வெயிலில் வியர்வையோடு உப்பும் போவதால் வேலை நேரத்திலேயே சிலருக்குச் சதை பிடித்துக்கொள்ளும். உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் அவர்களுக்கு நல்ல மருந்து. இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மட்டும் உப்பைக் கூட்டக் கூடாது.

தூக்கத்தில் வரும் பிடிப்பின் மூலகாரணத்தை மருத்துவம் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை. படுத்திருக்கையில் பாதம் தானாகக் கீழ்நோக்கிச் சாய, ஆடுசதை ஏற்கெனவே சுருங்கிய நிலையில் இருக்கிறது. அப்போது அதை இயக்கும் நரம்பு தாறுமாறாகத் தூண்டப்பட்டால் சதை விடாமல் இறுகுகிறது. சில நொடியிலோ சில நிமிடத்திலோ விட்டுவிடும். தொட்டால் வலிக்கிற நோவு மறுநாளும் இருக்கும். வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் அதிகம் வருகிறது.

எனக்குக் கைகொடுத்தது சுவர். படுக்கப்போகும் முன் சுவரில் இரு கைகளையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, அதன் குதிகால் தரையை விட்டு எழும்பாமல் முன்னால் சாய்வேன். பத்து வரை எண்ணி விடுவேன். காலுக்கு மூன்று முறை. நெதர்லாந்தில் 55 வயதைக் கடந்த 80 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2012இல் வெளிவந்தது. தூங்கும் முன் ஆடுசதையையும் பின்தொடையையும் இப்படி நீட்டி வந்தவர்களுக்கு ஆறு வாரத்தில் பிடிப்பு குறைந்திருந்தது. காசு செலவில்லாத இந்த வைத்தியத்தை மாத்திரைக்கு முன்னால் வைக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மக்னீசிய மாத்திரையைப் பலர் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். முதியவர்களுக்கு அதனால் பெரிய பலன் ஆய்வுகளில் தெரியவில்லை. மலேரியாவுக்கான கொய்னா மாத்திரையும் ஒரு காலத்தில் இதற்குத் தரப்பட்டது. இரத்தத் தட்டணுக்களையும் இதயத் துடிப்பையும் பாதிக்கும் என்பதால், கால் பிடிப்புக்கு அதைச் சாப்பிடக் கூடாது என்று 2006இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

விடுதியில் பிள்ளைகளும் இரவில் கால்வலி என்று அழுவார்கள். இரண்டு காலிலும் வலித்து, தேய்த்துவிட்டால் தூங்கி, காலையில் ஓடி விளையாடினால் பயமில்லை. ஒரே காலில் வலி, மூட்டு வீக்கம், காய்ச்சல், நொண்டி நடப்பது, இவற்றில் எது இருந்தாலும் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்விடுவோம்.

பெரியவர்களிலும் எல்லா இரவுவலியும் கொரக்களி அல்ல. கரும்பு வெட்டும் பெரியவர் ஒருவர், உள்ளங்கால் எரிச்சலை உழைப்பு வலி என்றே வெகுநாள் தாங்கிக்கொண்டிருந்தார். பரிசோதித்தபோது சர்க்கரை ஏறி நரம்பைப் பாதித்திருந்தது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். அதைத் தேய்க்கவே கூடாது, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நடக்கும்போது ஆடுசதை வலித்து, நின்றால் தணிந்தால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

“வேலை செஞ்சா வலிக்கத்தான் செய்யும்” என்று நம் ஜனங்கள் இதை யாரிடமும் சொல்வதே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய வருத்தம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரையோடு வீட்டுக்கே பணியாளர் வருகிறார். இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. அடுத்த முறை அவர் வரும்போது, இரவில் கால் இழுக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நீர் பிரிவதற்கான மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். அதனாலும் பிடிப்பு வரக்கூடும். மாத்திரையை மாற்றுவதா வேண்டாமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.