வலி நின்றுவிட்டது, இனியும் பல் டாக்டரிடம் போக வேண்டுமா?

கேள்வி: என் கணவர் சுமை தூக்கும் வேலை பார்க்கிறார். வயது 46. சர்க்கரை நோய் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. இரண்டு மாதமாக மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டே ஓட்டினார். போன வாரம் ராத்திரி ஒரு மணிக்குக் கன்னம் வீங்கி, வலி தாங்காமல் அழுதுவிட்டார். அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினோம். ஊசி போட்டு, 5 நாளைக்கு மாத்திரை கொடுத்து, காலையில் பல் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள். இப்போது வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. ஒரு நாள் கூலி போய்விடும் என்று வர மறுக்கிறார். பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போய்விடும் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். பயமாக இருக்கிறது, டாக்டர். – ச.மு., திண்டிவனம்

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அம்மா. அந்த ராத்திரியில் நீங்கள் ஓடியது சரி. ஊசி போட்டு அனுப்பிய டாக்டர் செய்ததும் சரி. உங்கள் கணவரை முழுமையாகக் குணப்படுத்த முடியும். ஆனால் அவருடைய நோய் இன்னும் தீரவில்லை.

பல்லுக்குள் ரத்தக் குழாயும் நரம்பும் கொண்ட மெல்லிய சதை இருக்கிறது. பல்கூழ் (பல்ப்) என்று பெயர். உடம்பில் பெரும்பாலான இடங்களில் சதை வீங்கினால் விரிய இடம் இருக்கும். பல்கூழைச் சுற்றி நாலு பக்கமும் கெட்டியான சுவர். சொத்தை வழியாகக் கிருமி இறங்கி அது வீங்கும்போது, உள்ளேயே நெரிபடுகிறது. படுத்தால் தலைக்கு ரத்த ஓட்டம் கூடும். அதனால்தான் பல்வலி ராத்திரியில் உயிரை எடுக்கிறது. சில நாளில் நரம்பு செத்துப்போகும். அன்றைக்கு வலி நிற்கும். "சரியாகிவிட்டது" என்று எல்லோரும் ஏமாறுவது அந்த இடத்தில்தான். வலி நின்ற பிறகுதான் கிருமி வேர் நுனியைத் தாண்டி எலும்புக்குள் இறங்கிச் சீழ்க்கட்டி (ஆப்ஸஸ்) ஆகிறது.

அவசரப் பிரிவில் கொடுத்த ஆன்டிபயாடிக், வெளியே பரவிய கிருமியைக் கட்டுப்படுத்தும். செத்த பல்கூழுக்குள் ரத்த ஓட்டமே இல்லையே, மருந்து எப்படி அங்கே போகும்? வேரைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லையேல் பல்லை எடுக்க வேண்டும். ராத்திரி டியூட்டி டாக்டரிடம் அதற்கான நாற்காலியும் கருவியும் இருக்காது.

அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். பயமுறுத்த அல்ல, உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுவதற்காக. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் டியமாண்டே டிரைவர் என்று 12 வயதுப் பையன். ஏழைத் தாயின் பிள்ளை. சுமார் 80 டாலர் செலவில் எடுத்திருக்கக்கூடிய ஒரு சொத்தைப் பல்லில் இருந்து கிருமி மூளைக்குப் பரவியது. இரண்டு முறை மூளையில் அறுவைச் சிகிச்சை, வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி, இரண்டரை லட்சம் டாலர் செலவு. 2007 பிப்ரவரியில் இறந்துபோனான். பணக்கார நாட்டிலேயே ஏழை வீட்டுப் பல்லுக்கு இந்தக் கதி. உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய் இருக்கிறது, அவர்களில் நாலில் மூன்று பேர் நம்மைப் போன்ற நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள் என்று 2022இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது.

என்னிடம் இப்படி வருகிறவர்களின் சட்டைப் பையைப் பார்த்திருக்கிறேன். பாதி கிழிந்த மூன்று விதமான வலி மாத்திரை அட்டைகள் இருக்கும். கேட்டால் "வேலைக்குப் போகணுமே சார்" என்பார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வந்ததில்லை. அரசு மருத்துவமனையில் பல் எடுக்கக் காசு வேண்டாம்தான். ஆனால் பல் ஓ.பி. காலையில்தான், கூலிக்காரருக்குக் காலைதான் கூலி. ஆரம்பத்தில் அரை மணி நேரத்தில் அடைத்திருக்கக்கூடிய பல், அந்தக் கூலிக் கணக்கால்தான் கடைசியில் பிடுங்கும் நிலைக்கு வருகிறது. தாலுகா மருத்துவமனைகளில் மாலையிலும் பல் ஓ.பி. நடக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

கண் பார்வை விஷயம் வெறும் பயம். பல்லுக்கும் கண்ணைச் சுற்றியுள்ள தோலுக்கும் உணர்ச்சி கொண்டுபோவது ஒரே நரம்பின் கிளைகள். அதனால் பல் வலித்தால் கண்ணோரமும் இழுக்கும். பார்வை நரம்பு முற்றிலும் வேறு. பல்லை எடுப்பதால் பார்வை போகாது.

நான் அவசரப்படுத்துவதற்கு அவருடைய சர்க்கரையும் ஒரு காரணம். சர்க்கரை கூடினால் சீழ் வேகமாகப் பரவும். சீழ் இருந்தால் சர்க்கரை கூடும். கொடுத்த மாத்திரையை நாள் தவறாமல் முடிக்கச் சொல்லுங்கள். மெடிக்கலில் தானாக வலி மாத்திரை வாங்க வேண்டாம். சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகம் கெடக்கூடும். மறுபடி வீங்கினால் சூட்டு ஒத்தடம் கூடாது. ஈறில் புகையிலை அடக்குவதும் கூடாது. வெதுவெதுப்பான உப்பு நீரில் கொப்பளிக்கலாம்.

வாய் இரண்டு விரல் அளவுக்குக்கூடத் திறக்காவிட்டால், எச்சில் விழுங்க முடியாவிட்டால், தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் பலகை மாதிரி இறுகினால், நாக்கு மேலே தூக்கினால், குரல் மாறினால், மூச்சு வாங்கினால், ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள். 1836இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த கொடிய தொற்று (லுட்விக்ஸ் ஆஞ்சைனா) அது. மூச்சுக் குழலை அடைத்துவிடும். 108ஐக் கூப்பிட்டு, மயக்க மருந்து டாக்டர் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கே போங்கள்.

அப்படி எதுவும் இல்லாவிட்டால் நாளைக் காலையிலேயே அரசு மருத்துவமனை பல் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். பல்லைக் காப்பாற்றும் நிலை இருந்தால் வேர் சிகிச்சை (ரூட் கெனால்) செய்யலாம். தனியாரிடம் கட்டுப்படியாகாது என்றால் சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். அந்த ராத்திரி கொடுத்த சீட்டையும், சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும் மறக்காமல் கொண்டுபோங்கள். பல் எடுக்கிறார்கள் என்று பட்டினியாக அழைத்துப் போகாதீர்கள்; காலைச் சாப்பாடும் சர்க்கரை மாத்திரையும் வழக்கம்போல முடித்துவிட்டே கிளம்புங்கள்.