அறிக்கை எழுதிக் கற்றல்

1996 ஆகஸ்டு 17 அன்று கேரளத்தில் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கப்பெற்றது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டதே பெரிதும் பேசப்பட்டது. ஆனால், பாறசாலை போன்ற ஊராட்சிகளும் நெய்யாற்றின்கரை போன்ற நகராட்சிகளும் தத்தம் வளர்ச்சி அறிக்கையைத் தாமே எழுத வேண்டும் என்ற ஏற்பாடும் முக்கியமானதாகும். பணியிலுள்ள அலுவலருக்கு இதைவிடச் சிறந்த பயிற்சி அரிது எனலாம்.

துறைவாரிப் பணிக்குழுக்களுக்கு மக்கள் பிரதிநிதி தலைவர். துறை அலுவலர் அமைப்பாளர். படிவங்களை நிரப்பியே பழகிய வேளாண்மை அலுவலர், தம் ஊரின் தென்னையையும் மரவள்ளியையும் பற்றிப் பத்துப் பக்கம் எழுத அமரும்போது, சாகுபடிப் பரப்பு ஏன் மாறியது என்ற வினா எழுகிறது. பதிவேட்டில் அளவு உண்டு, காரணம் இல்லை. அதைக் கிராம சபையிலும் வயல் வரப்பிலும் கேட்டறிய வேண்டும். வெளியாரிடம் கூலிக்கு எழுதி வாங்கும் அறிக்கை அச்சில் அழகாக இருக்கலாம். அலுவலர் அதனால் கற்பது எதுவுமில்லை.

அறிக்கையில் ஊர் வரலாற்றுக்கும் இடம் உண்டு. எல்லையூர்களில் இதுவே கடினமான பகுதி. 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. அதனை அடுத்த நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. உறவும் வாணிகமும் எல்லையைக் கடக்கின்றன. புள்ளிவிவரமோ எல்லையில் நின்றுவிடுகிறது. களியக்காவிளைச் சந்தையைக் கணக்கில் கொள்ளாது பாறசாலை உழவரின் வருவாயை எழுத முற்படுபவர் முதல் பத்தியிலேயே தடைப்படுவார்.