மங்கு: களிம்புக்கு முன் வெயில் காப்பு

காசிமேட்டிலும் எண்ணூர்ச் சாலையிலும் நாள்தோறும் வெயிலில் உழைப்போரின் கன்னத்தில் படரும் பழுப்புத் திட்டுகளுள் பெரும்பாலானவை மங்கு. நிறமிச் செல்களை வெயில் தூண்டுவதால் இது கருமையடைகிறது.

கடையில் தாமாக வாங்கும் சிவப்பழகுக் களிம்புகள் சிலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. தொடக்கத்தில் முகம் தெளியும். நாளடைவில் தோல் மெலிந்து சிவக்கும், பருக்கள் தோன்றும். அதனால்தான் 2018-இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டுடன் மட்டுமே விற்க வேண்டுமென விதித்தது.

தொப்பி அல்லது முக்காடும், எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத வெயில் காப்புப் பூச்சுமே முதல் சிகிச்சை. பூச்சை இரண்டு மணி நேரத்திற்கொருமுறை மீண்டும் இடவேண்டும். அதனுடன் நிறம் குறைக்கும் மருந்துகளைப் பரிந்துரைக்கிறோம். பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். லேசரை முதலில் நாடுவதில்லை. மாநிறத் தோலில் அது கருமையைக் கூட்டக்கூடும்.

இதுவரை பூசிவந்த களிம்பைத் திடீரென நிறுத்தாமல், அதன் குழாயைக் கையோடு எடுத்து வாருங்கள்.