தொங்கும் கப்ளரும் ஒரு பத்து ஆம்பியர் ஃபியூஸும்



மோட்டார் சைக்கிளின் சீட்டைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். பேட்டரிக்குப் பக்கத்திலோ ஹெட்லைட் டூமுக்குள்ளோ, எதிலும் மாட்டாமல் ஒரு கப்ளர் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும். "இது எதுக்குடா?" என்று ஒருவன் கேட்பான். "ஏதோ எக்ஸ்ட்ரா, விடுடா" என்பான் இன்னொருவன். நான் விடவில்லை. அதுதான் வினையாகிவிட்டது.

சென்ற மழைக்காலத்தில் நடந்தது இது. முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் தெரு விளக்கு பாதி நாள் எரியாது. அப்பா நைட் ஷிப்ட் போகிறவர். அவருக்கு வெளிச்சம் வேண்டுமே என்று இரண்டு 55 வாட் ஹாலஜன் ஃபாக் லேம்ப் வாங்கினேன். கரண்ட் எங்கே எடுப்பது? சீட்டுக்கு அடியில் தொங்கிய டூ பின் கப்ளரில் மல்டிமீட்டரை வைத்தேன். சாவி போட்டால் 12 வோல்ட், சாவியை எடுத்தால் ஜீரோ. இதைவிட வேறென்ன வேண்டும்! மாட்டினேன். இரண்டு நிமிடம் எரியவிட்டுப் பார்த்தேன். தெருவே ஜெகஜோதி.

இரவு ஒன்பதரைக்கு அப்பா கிளம்பினார். சி.டி.எச். ரோட்டில் பட்டாபிராம் பக்கம் ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் அணைந்துவிட்டது. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்துக்கொண்டே மயிரிழையில் ஒதுங்கிப் போனதாம். மழையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவர் வீடு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. என்னைத் திட்டவில்லை. "காலையில பாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டப் போய்விட்டார். திட்டியிருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

காலையில் ஒர்க்‌ஷாப் அண்ணனிடம் போனேன். பார்த்தவுடன் சொன்னார்: "தம்பி, வோல்ட்டு பாத்தே. ஃபியூஸ் பாத்தியா?"

கணக்கு சின்னதுதான். 110 வாட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 9.2 ஆம்பியர். அந்த 10 ஆம்பியர் ஃபியூஸ் ஏற்கெனவே ஃப்யூல் பம்புக்கும் இக்னிஷனுக்கும் மூன்று நான்கு ஆம்பியர் கொடுத்துக்கொண்டிருந்தது. மொத்தம் 13 ஆம்பியர். இப்படிக் கொஞ்சம் அதிகமான லோடில் ஃபியூஸ் உடனே போகாது, சில நிமிடம் தாங்கிவிட்டுத்தான் போகும். அதனால்தான் வீட்டு வாசலில் நன்றாக எரிந்தது, நடுரோட்டில் காலை வாரியது.

கப்ளர் ஏன் சும்மா தொங்குகிறது?

கம்பெனிகள் பெரும்பாலும் ஒரே வயரிங் கிட்டை ஒரு வண்டியின் பல மாடல்களுக்குப் பயன்படுத்துகின்றன. உயர்ந்த மாடலில் இருக்கும் ஹசார்டு லைட்டோ அலாரமோ நம் மாடலில் இல்லையென்றால் அதன் கப்ளர் மட்டும் காலியாக நிற்கும். சில கப்ளர்கள் சர்வீஸுக்கென்றே வைத்தவை. 1955-ல் சென்னையில் உருவாகத் தொடங்கிய புல்லட்டின் மொத்த வயரிங்கையும் ஒரு தாளில் வரைந்துவிடலாம். இன்றைய வண்டி அப்படியல்ல. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயம். 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 வந்து, இன்ஜின் கோளாறைத் தானே கவனித்துக் குறித்துவைக்கும் வசதியும் சேர்ந்துகொண்டது. வயர் கூடக்கூடக் கப்ளரும் கூடத்தானே செய்யும்!

கண்டுபிடிக்கும் முறை

1. முதலில் கண்ணால் பாருங்கள். எத்தனை பின், மூடி உண்டா, வயர் என்ன நிறம் என்று நோட்டில் எழுதுங்கள். எர்த் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: ஹோண்டாவில் பச்சை, யமஹாவில் கறுப்பு, சுசூகியில் கறுப்பு வெள்ளை. மூடி போட்ட ஆறு பின் சிவப்புக் கப்ளர் என்றால் பெரும்பாலும் அது ஸ்கேனர் மாட்டும் டயக்னாஸ்டிக் கப்ளர். அதில் எதையும் மாட்டாதீர்கள், மூடியைத் திரும்பப் போட்டுவிடுங்கள்.

2. எர்த் எது? பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு பின்னுக்கும் ஃப்ரேமுக்கும் இடையே கன்டினியூட்டி பாருங்கள். இங்கே ஒரு ஏமாற்று உண்டு. குளிர்ந்த பல்பின் இழைக்கு ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவு, அதனால் அதன் வழியாகவும் மீட்டர் 'பீப்' என்று கத்தும். ஆகவே பீப் மட்டும் சாட்சி ஆகாது. ஃப்ரேமில் போல்ட் போட்ட எர்த் வயரும் அதே நிறம்தானா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

3. வோல்ட் பாருங்கள். பேட்டரியை மாட்டி, மீட்டரை டி.சி. 20-ல் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ்வில் பிடியுங்கள். சாவி எடுத்தபோது, சாவி போட்டபோது, இன்ஜின் ஓடும்போது என மூன்று முறை பாருங்கள். எப்போதும் 12 என்றால் நேர் பேட்டரி லைன். சாவியோடு வந்தால் இக்னிஷன் லைன். பிரேக் மிதித்தால் மட்டும் வந்தால் பிரேக் லைட். விட்டு விட்டு வந்தால் இண்டிகேட்டர். 5 வோல்ட் என்றால் சென்சாருக்கு இ.சி.யு. கொடுக்கும் சப்ளை. முறுக்கிய இரண்டு வயரில் சுமார் இரண்டரை வோல்ட் காட்டினால் அது கேன் லைன். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் காட்டும், ஏனென்றால் இரு முனையிலும் உள்ள 120 ஓம்கள் பேரலலில் இருக்கின்றன. 5 வோல்ட் லைனையும் கேன் லைனையும் தொடவே வேண்டாம்.

4. லோடு கொடுத்துப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிக மிகச் சொற்பம், ஆகவே துருப்பிடித்த லைனும் அதில் 12 வோல்ட் காட்டும். 12 வோல்ட் சப்ளை என்று உறுதியான லைனில் மட்டும் 21 வாட் பல்பை மாட்டுங்கள். அது 1.75 ஆம்பியர் இழுக்கும். அப்போதும் வோல்ட் இறங்காமல் நின்றால் லைன் நல்ல லைன். இ.சி.யு.வுக்குப் போகும் வயரில் டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது.

5. எந்த ஃபியூஸ்? நான் கோட்டைவிட்ட இடம் இதுதான். சாவியைப் போட்டு, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் திரும்ப மாட்டுங்கள். எதைக் கழற்றினால் கப்ளரில் வோல்ட் போகிறதோ, அதுதான் அதன் ஃபியூஸ். அதோடு வேறு எதெல்லாம் அணைகிறது என்றும் எழுதுங்கள். இன்ஜினும் அணைந்தால் அந்தக் கப்ளரில் பெரிய லோடு ஏற்றக் கூடாது.

அப்படியானால் லைட் போடவே முடியாதா? முடியும். பேட்டரியிலிருந்து தனி 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக ஒரு ரிலேக்குக் கரண்ட் கொண்டுபோங்கள். ரிலேயின் காயிலை மட்டும் கப்ளரில் இணையுங்கள். காயில் இழுப்பது சுமார் 0.15 ஆம்பியர்தான். ஆனால் வண்டியின் சார்ஜிங் 110 வாட்டைத் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும். எங்கள் வண்டிக்கு அது தாங்காது என்றார் அண்ணன். ஃபாக் லேம்ப்பைக் கழற்றிவிட்டோம். இப்போது அந்தக் கப்ளரில் ஒரு செல்போன் சார்ஜர் மட்டும் இருக்கிறது. அது இழுப்பது ஒரு ஆம்பியர்.

நண்பர்களே, லேபில் தவறு செய்தால் ரெக்கார்டு நோட்டில் மார்க் குறையும், அவ்வளவுதான். ரோட்டில் ஓடும் வண்டியில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார். 12 வோல்ட் வருகிறது என்பதோடு நிறுத்தாதீர்கள். அது எங்கிருந்து வருகிறது, வேறு யாருக்கெல்லாம் போகிறது என்று கேளுங்கள்.

அப்பா இப்போது சீட்டுக்கு அடியில் ஒரு ஸ்பேர் ஃபியூஸ் வைத்திருக்கிறார். எப்படி மாற்றுவது என்று நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.