கம்பி அறுந்தால் மணிக்கு எப்படித் தெரியும்?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஓர் உண்டு உறைவிடப் பள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் விடுதியில் தீப்பிடித்தால், மலைப்பாதையில் வளைந்து வளைந்து தீயணைப்பு வண்டி ஏறி வருவதற்குள் பிள்ளைகள் விழித்து வெளியேறிவிட வேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்தில் பற்றிய தீ 94 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. அதுவோ பட்டப்பகல்!

விடுதியில் தீ எச்சரிக்கை மணி இருக்கிறது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து இரண்டு கம்பிகள் புறப்பட்டு அறை அறையாகச் செல்கின்றன. ஒவ்வோர் அறையிலும் புகை உணர்வி ஒன்று. புகை பட்டால் சுற்று மூடி மணி அடிக்கும். வீட்டு அழைப்பு மணி போலத்தானே என்பீர்கள். இல்லை. எலி கம்பியைக் கடித்துவிட்டால் அழைப்பு மணி மௌனமாக இருக்கும். ஆள் வராதபோதும் மௌனந்தான். இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

கடைசி உணர்விக்கு அப்பால், கம்பிகளின் கோடியில், 4,700 ஓம் மின்தடை ஒன்றை இணைக்கிறார்கள். கடையில் ஓரிரு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருள்தான். மின்னழுத்தம் 24 வோல்ட் என்றால், ஓம் விதிப்படி சுமார் 5 மில்லி ஆம்பியர் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். உணர்வி ஒன்று தன் 470 ஓம் தடையைக் குறுக்கே இணைத்தால் மின்னோட்டம் 50 மில்லி ஆம்பியரைத் தாண்டும்; அது தீ. கம்பி அறுந்தால் மின்னோட்டம் பூஜ்யம், அது பழுது. பெட்டியில் பழுது விளக்கு எரியும்.

இப்போது பள்ளிக்குப் புதிய விடுதி கட்டுகிறார்கள், 200 மீட்டர் தள்ளி. பழைய கம்பியின் நடுவில் கிளை பிரித்து அங்கே இழுத்துச் சென்றால் என்ன? சோதனையில் மணி நன்றாகவே அடிக்கும்; எல்லோரும் திருப்தியுடன் போய்விடுவார்கள். ஆனால் மின்தடை பழைய கோடியிலேயே இருக்கிறது. கிளைக் கம்பி அறுந்தாலும் அந்த 5 மில்லி ஆம்பியர் குறையாது. புதிய விடுதிப் பிள்ளைகள் காவலற்று உறங்குவார்கள், பெட்டியோ 'எல்லாம் நலம்' என்று சொல்லிக்கொண்டிருக்கும்!

இதற்குத்தான் தொலை உள்ளீட்டுப் பெட்டி வந்தது. இச்சிறு பெட்டி புதிய விடுதியிலேயே இருக்கும். அங்குள்ள உணர்விகளின் கம்பிகள் இதில் வந்து சேரும். அவற்றின் கோடியில் தனி மின்தடை உண்டு. இங்கிருந்து தாய்ப் பெட்டிக்குச் செய்தி கொண்டுபோக இரண்டு கம்பிகள், மின்சாரம் பெற இரண்டு கம்பிகள். தாய்ப் பெட்டி வகுப்பாசிரியர் வருகைப் பதிவு எடுப்பதுபோல, '13, உன் நிலை என்ன?' என்று ஒவ்வொரு பெட்டியையும் ஓயாமல் கேட்கும். பதில் வராவிட்டால் அதுவே பழுது. அந்த எண்ணைச் சிறு சுவிட்சுகளால் அமைக்கிறார்கள்: 1, 2, 4, 8, 16. இவற்றில் 8, 4, 1 ஆகியவற்றைத் தள்ளினால் 13. இரண்டு பெட்டிகளுக்கு ஒரே எண் வைத்துவிட்டால் குழப்பந்தான்.

எண் சொல்லி அழைப்பது புதிய கருத்தன்று. 1852இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சானிங், ஃபார்மர் என்ற இருவர் அமைத்த தந்தி முறையில், தெருப் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால் அதன் எண் தலைமையிடத்துக்குப் போகும்.

தூரம் மட்டும் சும்மா விடாது. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, போகவர 400 மீட்டர், ஏறத்தாழ 14 ஓம் தடை தரும். அங்குள்ள பெட்டியும் மணியும் அரை ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 7 வோல்ட் போய்விடும்! மூன்று மடங்கு தடித்த கம்பியானால் இழப்பு 2 வோல்ட்டைச் சற்றே தாண்டும். இல்லையேல் மின்கலத்துடன் தனி மின்வழங்கியை அங்கேயே வைக்கலாம். மலையில் இடி மின்னலும் உண்டல்லவா? கட்டடங்களுக்கிடையே செல்லும் நீண்ட கம்பிக்கு மின்னெழுச்சித் தடுப்பானும் நல்ல நிலத்தொடர்பும் அவசியம்.

உங்கள் பள்ளியில் இத்தகைய மணி இருந்தால், அதைப் பராமரிப்பவர் வரும்போது கேளுங்கள்: 'ஐயா, கடைசி அறைக்குப் போகும் கம்பியைக் கழற்றினால் பழுது விளக்கு எரியுமா?' அவரே கழற்றிக் காட்டட்டும்; நீங்கள் பெட்டியருகே நின்று பாருங்கள்.